வேட்பாளர் காசும் வாக்காளர் உரிமையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் பல வருடம் தேர்தல் கடமையில் வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். இளைப்பாறிய பிறகு ஊர்ச் சங்கங்கள் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன். நெடுங்கேணியில் கேட்ட கேள்வியைத்தான் முருங்கனிலும் கேட்கிறார்கள், மாங்குளத்திலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போனதால் எழுதி வைத்துவிட்டேன். பெரும்பாலும் தேர்தல் காசைப் பற்றிய கேள்விகள்தான். காசைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அரசியலமைப்பில் போய் நிற்கவேண்டி வருகிறது. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வன்னி என்று சொன்னால் கிளிநொச்சியும் சேருமா?

பேச்சில் சேரும், தேர்தல் கணக்கில் சேராது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போகிறது. வன்னிக்குப் பாராளுமன்றத்தில் 6 ஆசனங்கள். 2024இல் பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள் 306,081 பேர்.

தேர்தலுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க, தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். 2023 ஜனவரியில் நிறைவேறியது. சனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், மாகாண சபை, உள்ளூராட்சி என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். சுருக்கமாகச் சொன்னால் சட்டம் மூன்று காரியம் செய்கிறது. செலவுக்கு உச்ச வரம்பு வைக்கிறது, சில இடங்களிலிருந்து காசு வாங்கக்கூடாது என்கிறது, தேர்தல் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்கச் சொல்கிறது. வேட்பாளர், கட்சி, சுயேச்சைக் குழு எல்லோருக்கும் அந்தக் கடமை உண்டு. தோற்றவருக்கும் உண்டு. "தோற்றுத்தானே போனேன், எனக்கென்ன அறிக்கை" என்று வீட்டில் இருந்தவர்கள் பலர். பிறகு பொலிஸ், வழக்கு என்று அலைந்தார்கள்.

இதற்கு முன் வரம்பே இருக்கவில்லையா?

பழைய காலத்தில் இருந்தது. 1946ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு. அப்போது வவுனியாவுக்கு ஒரு உறுப்பினர், மன்னாருக்கு ஒரு உறுப்பினர் என்ற முறை. 1978 அரசியலமைப்போடு, கட்சி பெறும் வாக்கின் அளவுக்கு ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்தது, 1981இல் புதிய பாராளுமன்றத் தேர்தல் சட்டம் வந்தது, வரம்பு போய்விட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் தேர்தலுக்கு எவரும் எவ்வளவும் செலவழிக்கலாம். கேட்க ஆளில்லை.

வரம்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வாக்காளர் ஒருவருக்கு இத்தனை ரூபா என்று தேர்தல்கள் ஆணைக்குழு முடிவெடுத்து வர்த்தமானியில் போடும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபா. நாடு முழுவதும் 17,140,354 வாக்காளர். பெருக்கிப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு 1,868,298,586 ரூபா, அதாவது 186 கோடிக்கு மேல். அதில் 60 வீதம் வேட்பாளர் பக்கம், 40 வீதம் கட்சிச் செயலாளர் பக்கம்.

வன்னிக்கென்று அதில் தனிப் பங்கு கிடையாது. விளங்குவதற்காக மட்டும் பெருக்கிப் பார்த்தால், நம்முடைய 306,081 பேருக்கும் 109 ரூபாப்படி 3 கோடியே 33 இலட்சம் சொச்சம். இதைக் கூட்டத்தில் சொன்னதும் பின் வரிசையில் ஒரு அம்மா, "அந்த நூற்றொன்பது ரூபாயை என்ரை கையிலை தந்தா ஒரு இறாத்தல் பாண் வாங்கலாம்" என்றார். சபை சிரித்தது. ஆனால் அந்த அம்மா சரியாகத்தான் அளந்தார். ஒரு தலைக்கு என்று பார்த்தால் சின்னக் காசு, சேர்த்துப் பார்த்தால் யாராலும் எட்ட முடியாத காசு.

பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்துக்கு மாவட்டம் தொகை வேறுபடும். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. தலையை எண்ணுகிற கணக்கில் தூரம் சரியாக விழாது. கொழும்பில் ஒரு வேட்பாளர் ஒரு மாடிக் குடியிருப்பில் ஏறி இறங்கினால் ஆயிரம் வாக்காளரைப் பார்த்துவிடலாம். வன்னியோ மூன்று நிர்வாக மாவட்டமும் சேர்ந்து 6,500 சதுர கிலோமீற்றருக்கு மேல். மன்னாரிலிருந்து வவுனியா வழியாக முல்லைத்தீவுக்குப் போனால் 150 கிலோமீற்றரைத் தாண்டும். சிலாவத்துறையில் காலையில் கூட்டம் வைத்துவிட்டுக் கொக்கிளாயில் பின்னேரம் நிற்க வேண்டுமானால் அன்றைக்குப் பாதிப் பொழுது ரோட்டில்தான். பெற்றோல் காசில்லாத ஆள், நல்ல மனிதராக இருந்தாலும், ஒரு மூலையோடு நின்றுவிடுவார்.

காசில்லாதவர் போட்டியிடவே முடியாதா?

போட்டியிடுவது மலிவு, வெல்வதுதான் செலவு. பாராளுமன்றத் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணம் இல்லை. சுயேச்சைக் குழு ஒரு வேட்பாளருக்கு 2,000 ரூபா கட்ட வேண்டும். வன்னிப் பட்டியலில் ஆசனம் 6, அதோடு 3, மொத்தம் 9 பேர். ஆக 18,000 ரூபா. ஒரு நல்ல சைக்கிள்கூட இன்றைக்கு அந்தக் காசுக்கு வராது. அதனால்தான் 2024இல் வன்னியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் நின்றன, வாக்குச்சீட்டு முழ நீளத்துக்குப் போனது. அத்தனை பேரும் வெல்லவென்று நின்றவர்கள் என்று நான் நம்பவில்லை. சில பட்டியல்கள் இன்னொருவரின் வாக்கை உடைக்கவென்றே போடப்படுபவை. அந்தப் பட்டியலுக்கு யார் காசு கட்டினார் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

ஒரே கட்சிக்காரர் ஏன் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுச் செலவழிக்கிறார்கள்?

விருப்பு வாக்குத்தான் காரணம், அதாவது கட்சிக்குப் போடும் வாக்கோடு அதன் பட்டியலில் பிடித்த வேட்பாளரின் இலக்கத்துக்கும் போடும் வாக்கு. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சியின் வாக்குத் தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்குத் தீர்மானிக்கிறது. 2024இல் ஆறாயிரத்துக்கும் குறைவான விருப்பு வாக்கோடு ஒருவர் வன்னியிலிருந்து பாராளுமன்றம் போனார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லாம் முறைப்படி நடந்ததுதான். ஆனால் கணக்கு அப்படி இருக்கும்போது நூறு விருப்பு வாக்கு என்பது பெரிய விஷயம். பக்கத்து மேடையில் நிற்கிற சொந்தக் கட்சிக்காரன்தான் உண்மையான எதிரி. இரண்டு மூன்று பேர் ஒரே சின்னத்துக்குத் தனித்தனித் துண்டுப்பிரசுரம் அடிப்பார்கள், இலக்கம் மட்டும் வேறு.

யாரிடம் காசு வாங்கக்கூடாது? வெளிநாட்டில் இருக்கும் அண்ணா அனுப்பினால்?

அரச திணைக்களம், அரச கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம் இவற்றிடம் வாங்கக்கூடாது. வெளிநாட்டு அரசாங்கம், சர்வதேச நிறுவனம், வெளிநாட்டில் பதிவான கம்பனி, பாதிப் பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் இருக்கும் கம்பனி, இவையும் கூடாது. கொடுப்பவர் யாரென்று தெரியாத காசையும் வாங்கக்கூடாது. காசாக வந்தாலும் பொருளாக வந்தாலும் கடனாக வந்தாலும் அறிக்கையில் எழுத வேண்டும்.

இனி அண்ணா கதைக்கு வருவோம். வன்னியில் எந்தக் கூட்டத்திலும் கட்டாயம் வருகிற கேள்வி இது. கனடாவில், சுவிஸில் இருப்பவர்கள் ஊருக்குக் கிணறு கட்டிக் கொடுக்கிறார்கள், கோயிலுக்குக் கோபுரம் கட்டுகிறார்கள், தேர்தலுக்கும் அனுப்புகிறார்கள். அன்பால்தான் அனுப்புகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காசு எப்படி வருகிறது? உண்டியலில், அதாவது வங்கிக்குப் போகாமல் கைமாறி வருகிறது, அல்லது இங்கே இருக்கும் மச்சானின் கணக்குக்கு வருகிறது. மச்சான் எடுத்துத் தன் பெயரில் வேட்பாளருக்குக் கொடுக்கிறார். அறிக்கையில் மச்சான்தான் கொடையாளி. மச்சானுக்கு மாதம் முப்பதாயிரம் வருமானம், கொடை எட்டு இலட்சம். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், காகிதத்துக்கு மட்டும் தெரியாது. பெயர் தெரியாத காசு கூடாது என்ற விதி எதற்காக வந்ததோ, அதை இந்த ஒரு சுற்று வழி வெறுமையாக்கி விடுகிறது.

இன்னொன்று. ஒரு ஆள் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. செலவுக்குத்தான் கூரை, கொடைக்குக் கூரை இல்லை. ஒரு வேட்பாளரின் முழுச் செலவையும் ஒரே ஒரு கொந்துறாத்துக்காரர் (ஒப்பந்தக்காரர்) கொடுத்தாலும், பெயரை எழுதிவிட்டால் சரி. வென்ற பிறகு அந்த வேட்பாளர் யாருடைய தொலைபேசியை முதலில் எடுப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒருவர் கதிரை தந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு நிலையத்தில் வந்தது. கேட்டவர் உட்கார்ந்திருந்ததே அந்தக் கதிரையில்தான். நீலப் பிளாஸ்ரிக் கதிரைகள், நாற்பது. முதுகில் வெள்ளைப் பெயின்றில் பெயர் எழுதித் தந்திருக்கிறார்கள். தேர்தல் முடிந்த பிறகு யாரோ வெட்கப்பட்டு பிளேட்டால் சுரண்டியிருக்கிறார்கள். பெயின்ற் போய்விட்டது, சுரண்டிய தடம் எழுத்து வடிவத்திலேயே இருக்கிறது. பின்னேர வெயில் சாய்ந்து விழுந்தால் பெயரை இன்னும் வாசிக்கலாம்.

வாக்குக்காகக் காசு கொடுப்பது இலஞ்சம். வாக்குக்காகச் சாப்பாடு, குடி கொடுப்பது உபசரித்தல். இரண்டும் 1981 சட்டத்தில் ஊழல் செயல்கள். குற்றவாளி என்று தீர்ந்தால் ஏழு வருடத்துக்கு வாக்கும் போட முடியாது, வேட்பாளராகவும் நிற்க முடியாது. தேர்தல் அறிவித்த பிறகு கதிரை வந்தால் அது இலஞ்சமா, செலவா என்று கேட்க இடமுண்டு. ஆறு மாதத்துக்கு முன்னரே வந்தால் கொடை என்று சொல்லிக்கொள்ளலாம். கதிரை அதே கதிரைதான். கெட்டிக்காரர்கள் முன்னரே தருகிறார்கள். திருப்பிக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உட்காருங்கள். ஆனால் வாக்குப் போடும்போது கதிரை நினைவுக்கு வரக்கூடாது.

காசு கொடுத்தவர் மட்டும்தானே குற்றவாளி? வாங்கிய ஏழை என்ன செய்வான்?

வாக்குக்காக வாங்கியவரும் குற்றவாளிதான். சட்டம் இரு பக்கத்தையும் பிடிக்கிறது. நடைமுறையில் வாங்கியவருக்குப் பயமிருப்பதால் சாட்சி சொல்ல வரமாட்டார், கொடுத்தவர் தப்புவார்.

வாக்காளரைப் பஸ்ஸில் ஏற்றிப் போகலாமா?

வேட்பாளரோ கட்சியோ வாகனம் பிடித்து வாக்காளரை வாக்குச் சாவடிக்கு ஏற்றி இறக்கக்கூடாது. நடக்க முடியாதவர், மாற்றுத்திறனாளிகள், மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். வன்னியில் இது தலைவலி பிடித்த விதி. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னாரில் வாக்குப் பதிவு வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எப்படி வருவது? 2019 நவம்பர் 16ஆம் திகதி சனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து அவர்களை ஏற்றி வந்த பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் சுட்டார்கள். வாக்களிக்கும் உரிமை என்பது சிலருக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அந்தத் தூரத்தை யார் காசில் கடப்பது என்பதற்குச் சட்டம் நேரான விடை வைத்திருக்கவில்லை.

இதெல்லாம் சரி, இதில் அரசியலமைப்புக்கு என்ன வேலை?

அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை இறைமை மக்களுடையது என்கிறது. அதை யாருக்கும் விற்கவோ கைமாற்றவோ முடியாது. அந்த இறைமைக்குள் மூன்று விஷயம் அடக்கம்: ஆட்சி அதிகாரங்கள், அடிப்படை உரிமைகள், வாக்குரிமை. சட்டமியற்றும் அதிகாரம், நிறைவேற்று அதிகாரம், நீதித்துறை அதிகாரம் இவற்றை மக்களுக்காக யார் யார் எப்படிப் பயன்படுத்துவது என்பதை 4ஆம் உறுப்புரை சொல்கிறது. பாராளுமன்ற உறுப்பினரிடம் இருப்பது நம்முடைய சாமான், அவரிடம் வைத்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். 93ஆம் உறுப்புரை இன்னும் நேராகச் சொல்கிறது: வாக்களிப்புச் சுதந்திரமானதாக, சமமானதாக, இரகசியமானதாக இருக்க வேண்டும்.

சமம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் காசு வந்து இடிக்கிறது. கொந்துறாத்துக்காரருக்கும் ஒரு வாக்கு, செட்டிகுளத்தில் களை பிடுங்கப் போகிற பெண்ணுக்கும் ஒரு வாக்கு. பெட்டிக்குள் இரண்டும் ஒரே எடைதான். பெட்டிக்கு வெளியே ஒருவர் எட்டு இலட்சம் வைக்கிறார், மற்றவர் ஒன்றும் வைக்கவில்லை. வென்றவர் கணக்குப் பார்க்கும்போது அந்த இரண்டு பேரும் சமமா? தேர்தல் செலவுச் சட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வந்தது.

செலவை மட்டுப்படுத்துவது பேச்சுச் சுதந்திரத்தைக் கட்டுவதாகாதா?

வவுனியாவில் ஒரு சட்ட மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வாதம் வென்றிருக்கிறது. 1976இல் பக்லி வழக்கில் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம், ஒருவர் கொடுக்கும் கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வரம்பு வைப்பது பேச்சுச் சுதந்திரத்தை மீறுகிறது என்றது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் வழக்கில் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு சேராமல் தனியாகத் தேர்தலுக்குச் செலவழிப்பதைத் தடுக்க முடியாது என்றது. கூர்ந்து பார்த்தால் நம்முடைய சட்டம் அதற்கு நேர் மாறு. அங்கே கொடைக்கு வரம்பு, செலவுக்கு இல்லை. இங்கே செலவுக்கு வரம்பு, கொடைக்கு இல்லை.

இந்தியா வேறு பக்கத்தால் போனது. அங்கே 2018இல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்தது. கம்பனியும் தனியாளும் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் வெளியே வராது. 2024 பெப்ரவரி 15ஆம் திகதி ஐந்து நீதியரசர்கள் ஒருமித்து அதைச் செல்லாது என்றார்கள். காரணம் கவனிக்க வேண்டியது. பேச்சுச் சுதந்திரத்துக்குள் வாக்காளரின் அறியும் உரிமையும் அடங்கும், கட்சிக்கு யார் காசு கொடுக்கிறார் என்று தெரியாமல் வாக்களிக்கச் சொல்வது அந்த உரிமையைப் பறிப்பது என்றார்கள்.

நம்முடைய நாட்டு உயர் நீதிமன்றம் இதற்கெல்லாம் முன்னரே ஒரு அருமையான விஷயம் சொல்லியிருக்கிறது. 1998இல் மாகாண சபைத் தேர்தலை அவசரகால விதியைக் காட்டித் தள்ளிப் போட்டார்கள். 1999இல் கருணாதிலக வழக்கில் நீதிமன்றம், வாக்களிப்பதும் ஒருவகைப் பேச்சு, அது 14(1)(அ) உறுப்புரையின் கீழ் வருகிறது என்று தீர்த்தது. வன்னிக்காரருக்கு இது சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2001 டிசெம்பர் 5ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலன்று, அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளின் வன்னி, மட்டக்களப்பு வாக்காளர்களைச் சோதனைச் சாவடிகளில் மறித்து, அரச கட்டுப்பாட்டுப் பக்கம் வந்து வாக்களிக்க விடவில்லை. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2003இல் தவனீதன் வழக்கில் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. அன்று சாவடியில் வாக்காளர் அட்டையோடு காத்திருந்து திரும்பியவர்கள் இன்றும் என் கூட்டங்களுக்கு வருகிறார்கள்.

ஆகவே மாணவருக்கு என் பதில் இதுதான். அமெரிக்காவில் காசைப் பேச்சு என்றார்கள். இங்கே வாக்கைப் பேச்சு என்றார்கள். இரண்டில் எதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறோமோ அதற்குத் தக்கபடி சட்டம் அமையும். எனக்கு நம்முடைய நீதிமன்றம் சொன்னதுதான் பிடித்திருக்கிறது.

இந்தச் சட்டத்தில் பிழை இருந்தால் நீதிமன்றம் போய் உடைக்கலாமா?

முடியாது. இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் தள்ளலாம். இங்கே சட்டமூலமாக இருக்கும்போதுதான் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், 80(3) உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. பத்திரிகையில் சட்டமூலம் என்று ஒரு மூலையில் செய்தி வரும்போது நாம் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தச் சில நாட்கள்தான் கதவு திறந்திருக்கிற நாட்கள்.

தேர்தல் வந்தால் மட்டும் ரோட்டுக்குக் கிரவல் கொட்டுகிறார்களே, அது செலவுக் கணக்கில் வருமா?

வராது. அது அரச காசு. என்னைக் கேட்டால் வன்னியில் தேர்தல் காசு என்பதில் பெரிய பங்கு வேட்பாளரின் சட்டைப் பையிலிருந்து வருவதே இல்லை. இங்கே காணி உறுதி, வீட்டுத்திட்டம், குளத்துக் கட்டுத் திருத்தம், கிரவல் ரோடு, அரச வேலை எல்லாம் அரசாங்கக் கையில். போருக்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிய சனத்துக்கு ஒரு கையெழுத்து என்பது ஒரு வருடச் சீவியம். அந்தக் கையெழுத்தைத் தேர்தல் மாதத்தில் போடுகிறவரோடு சுவரொட்டி அடிக்கிறவர் எப்படிப் போட்டி போடுவது?

அரசியலமைப்பு இதை மறக்கவில்லை. 104ஆ உறுப்புரை தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு அதிகாரம் கொடுத்திருக்கிறது: தேர்தல் காலத்தில் அரசின், அரச கூட்டுத்தாபனங்களின் வாகனம், கட்டடம், வேறு ஆதனம் எதையும் ஒரு வேட்பாளருக்குச் சார்பாகவோ எதிராகவோ பயன்படுத்துவதைத் தடை செய்யலாம். தடையை மதிப்பது அந்தச் சொத்துக்குப் பொறுப்பான அலுவலரின் கடமை. ஆனால் அந்த அலுவலருக்கு இடமாற்றம் கொடுக்கக்கூடியவரே மேடையில் நிற்கும்போது, பிரதேச செயலகத்தில் ஒரு இளம் உத்தியோகத்தர் ஜீப் சாவியைத் தரமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு முதுகெலும்பு வேண்டும் என்று யோசியுங்கள். சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டார்கள்.

காசில்லை என்று சொல்லித் தேர்தலையே நிறுத்தலாமா?

நிறுத்தினார்கள். உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி என்று இருந்தது. திறைசேரி காசு விடவில்லை, வாக்குச்சீட்டு அச்சடிப்பதே தடைப்பட்டது. ஒதுக்கிய காசைத் தடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் மார்ச் 3ஆம் திகதி இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை. கடைசியில் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி, மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பு வந்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் பிரதேச சபைகள் உறுப்பினர் இல்லாமல் செயலாளர்மாரின் கையில் கிடந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்ல ஆளில்லை. வேட்பாளர் அதிகம் செலவழிப்பது ஒரு ஆபத்து, அரசு தேர்தலுக்குச் செலவழிக்க மறுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

மாகாண சபைக்கும் இந்தச் சட்டம் உண்டா?

உண்டு. சபைதான் இல்லை. வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது.

நீங்கள் என்ன மாற்றம் கேட்பீர்கள்?

கொடை விபரம் வாக்களிப்புக்கு முன் வர வேண்டும். இப்போது நாம் வாக்குப் போட்டு, முடிவும் வந்த பிறகுதான் அறிக்கை வருகிறது. தாலி கட்டிய பிறகு சாதகம் பார்ப்பது போல. வேட்பாளர் பத்து நாளுக்கு ஒருமுறை யாரிடம் எவ்வளவு வாங்கினேன் என்று எழுதி மாவட்டச் செயலகப் பலகையில் ஒட்டினால் போதும், பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். ஒரு ஆள் கொடுக்கும் தொகைக்குக் கூரை வேண்டும். வன்னி போன்ற பரந்த மாவட்டத்துக்குத் தூரத்தையும் நன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். கட்சிகளின் கணக்கைத் தேர்தல் இல்லாத வருடத்திலும் திறந்து காட்ட வேண்டும். இதில் முதலாவது மட்டும் நடந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

வேட்பாளர் கொடுத்த அறிக்கையை என்னைப் போல ஒரு ஆள் பார்க்க முடியுமா?

முடியும். கட்டணம் கட்டிப் பார்வையிடலாம், பிரதியும் எடுக்கலாம். வன்னிக்குத் தெரிவத்தாட்சி அலுவலராக வழக்கமாக இருப்பவர் வவுனியா அரசாங்க அதிபர், ஆகவே வவுனியாக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரியுங்கள். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அந்த உரிமை 2015இலிருந்து அரசியலமைப்பின் 14அ உறுப்புரையிலேயே இருக்கிறது.

போகும்போது அடையாள அட்டை, ஒரு கொப்பி, முடிந்தால் தேர்தல் காலத்துத் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் எடுத்துப் போங்கள். அச்சகத்தின் பெயரும் விலாசமும் துண்டுப்பிரசுரத்தின் அடியில் இருக்க வேண்டும் என்பது விதி, அதை வைத்து அச்சுச் செலவை ஒப்பிடலாம். விலைவாசி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. நான் ஒருமுறை ஓட்டோ ஓடுகிற ஒரு தம்பியோடு போனேன். ஒரு அறிக்கையில் எரிபொருள் என்ற வரியில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டுத் தம்பி தொலைபேசியில் கணக்குப் போட்டான். "ஐயா, இந்தப் பெற்றோலுக்கு இவர் வவுனியா ரவுணைத் தாண்டியிருக்க மாட்டார்" என்றான். நான் அந்த வேட்பாளரை முள்ளியவளையில் மேடையில் பார்த்தவன்.